தாளின் அடியில் ஒரு வரி இடம்

ஐயா, இந்தப் புதுச்சேரியில் காகிதத்துக்குத் தலைவணங்காத ஒரே மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, மற்றவர்களை ஒருவர் விடாமல் பார்த்த பிறகே சொல்கிறேன். எங்கள் தெருவில் ஞானஸ்நானச் சீட்டு, பென்ஷன் சீட்டு, என்றோ செத்துப்போன மாமாவின் பள்ளிக்கூடச் சீட்டு எல்லாம் தகரப்பெட்டியில் அந்துருண்டை போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. நகைகூட அவ்வளவு பத்திரமாக இல்லை. தாளில் சீல் இருந்தால் போதும், படிக்காமலே கும்பிடுவார்கள். நான் பி.ஏ. மூன்றாம் ஆண்டு. படித்துவிட்டுச் சிரிப்பவன்.

ஆகவே சென்ற 1979 ஜூன் மாதம் நான் செய்தது ஒரு பரிசோதனை. தாங்கள் அதைக் குற்றம் என்றால் ஆட்சேபிக்க மாட்டேன்.

ஜூலை பிறந்தால் பிரான்சிலிருந்து நம்மவர்கள் விடுமுறைக்கு வருவது தாங்கள் அறிந்ததே. அவர்களுக்கு ஓட்டல் பிடிக்காது; மீன்குழம்பு வாசனை வருகிற வீடு வேண்டும். எங்கள் தெருக்காரர்கள் முன்னறைக்கு வெள்ளையடித்து அவர்களுக்கு விட்டுவிட்டு, இரண்டு மாதம் அடுப்படியில் படுத்துக்கொள்வார்கள். இவ்வளவு பெரிய காரியம் ஒரு சட்டமும் இல்லாமல் நடப்பது எனக்குக் குறையாகப் பட்டது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து நானே ஒன்று இயற்றினேன். தலைப்பு பிரெஞ்சில், மற்றது தமிழில், தேதி 1911. பக்கத்து வீட்டு மதாம் ஜோசெத் எனக்கு எப்போதோ ஆசையாகக் கொடுத்த ஒரு பிராங்க் காசை மையில் தோய்த்து அழுத்தினேன். காசிலிருந்த விதை தூவும் பெண் சீலாக அழகாக விழுந்தாள்.

மூன்று மாதத்துக்குக் குறைவாக அறை விடுகிறவர் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். குளிக்கும் வாளி பதினெட்டு லிட்டருக்குக் குறையக் கூடாது. அறை விடுகிற வீட்டுச் சேவல் காலை ஆறு மணிக்கு முன் கூவக் கூடாது. உறவினரும் விருந்தாளியே; சீட்டு வரும்வரை அவர்களும் இரவு தங்கக் கூடாது.

மூன்றாவது விதியில் எனக்குச் சுயநலம் உண்டு. மதாம் வீட்டுச் சேவல் நாலரைக்கே எழுந்துவிடும். நாலாவதற்கு ஒரு காரணமும் இல்லை. தாளின் அடியில் ஒரு வரி இடம் மிச்சமிருந்தது.

தெருக்குழாய்ச் சுவரில் ஒட்டினேன். அரைமணி நேரத்தில் கூட்டம்.

“எங்க மாமனார் காலத்துலயே இருந்த சட்டந்தான் இது,” என்றாள் தையல்நாயகி. “மனுஷன் வாளிய அளந்துட்டுத்தான் குளிப்பாரு.”

“உங்க மாமனார் குளிச்சத யாருடி பார்த்தா?” என்றாள் சின்னப்பாப்பா. ஆனால் அவளும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, நாலு விதியையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனாள்.

தெருக்காரர்கள் சீட்டுக் கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்குப் போனால் யாராவது ஒருவர் சிரிப்பார், அதோடு முடிந்துவிடும் என்று நம்பினேன். தாங்கள் சிரிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சட்டங்களில் எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமில்லாத ஊரில், தெரியாது என்று சொல்வது எழுத்தருக்கு அழகில்லைதான். “மூணு நகல் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, இருபத்தோரு நாள் ஆவும்,” என்றீர்கள். அந்த நிமிஷத்தில் என் பொய் மெய்யானது. இதில் பாதிப் பங்கு தங்களுடையது என்பதை மரியாதையோடு குறிப்பிடுகிறேன்.

மதாம் ஜோசெத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கணவரின் பென்ஷனில் வாழ்கிற விதவை. ஒரே மகன் மொரீஸ் பாரிசில் வேலை. அவன் ஆறு வருஷம் கழித்து, அவர் இன்னும் பார்க்காத பேத்தியோடு வரவிருந்தான். முன்னறையில் தூளிகூடக் கட்டியாயிற்று. சட்டத்தை மீறினால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, விண்ணப்பம் எழுத என்னிடம் வந்தார். தெருவில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும்.

“தேவதாஸ், மகன்னு போடறதா, விருந்தாளின்னு போடறதா?”

“உறவுன்னு தனியா எழுதிக்கலாம் மதாம். அதுல மகன்னு போட்டுடறேன்.”

“கொழந்தைக்கும் சீட்டு வேணுமா?”

“வயசு வரம்பு எதுவும் சொல்லலியே.”

எழுத மறந்தது நான்தான். மூன்று நகலையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அதற்காக ஒரு கிண்ணம் கோழிக்குழம்பு கொண்டுவந்து வைத்தார். மறுநாள் எட்டு மணிவரை தூங்கினேன். தெரு அவ்வளவு அமைதி.

விண்ணப்பம் கொடுத்த மூன்றாம் நாள் மொரீஸ் வந்தான். பெட்டிகளோடு அவன் வாசலில் நின்றதை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

“நான் உன் புள்ளைம்மா.”

“புள்ளதான்டா. யாரு இல்லன்னா? நாலாவது விதியப் படிச்சுப் பாரு.”

“பாரிசுலகூட இப்படி ஒரு சட்டம் இல்ல.”

“அங்க ஒழுங்கு அவ்ளோதான்.”

சாரம் பகுதியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார்கள். மதாம் தினமும் காலையில் டிபன் கேரியரோடு போவார், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவார். பேத்தி முதன்முதலாகக் குப்புறக் கவிழ்ந்தது அந்த லாட்ஜ் கட்டிலில், ஒரு விடியற்காலையில். மதாம் அப்போது இங்கே வெறும் தூளிக்குக் கீழே படுத்திருந்தார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்ல நான் போகாமலில்லை. நாலு தடவை போனேன். நாலு தடவையும், “சீட்டு வந்துடுச்சா தம்பி?” என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து, நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? பெரியவர்களை அவமானப்படுத்துவது என் வழக்கமில்லை. மரியாதை கருதிப் பேசாமலிருந்தேன்.

மொரீஸ் இருபதாம் நாள் சென்னைக்குப் பஸ் ஏறினான். சீட்டு இருபத்தோராம் நாள் வந்தது. தாங்கள் சொன்ன நாள் தவறாதவர். மதாம் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தூளிக்கு மேலே மாட்டியிருக்கிறார். தூளியை இன்னும் அவிழ்க்கவில்லை.

நிற்க. இதையெல்லாம் இப்போது எழுதுவது மனசாட்சி உறுத்தி அல்ல. இந்த வருஷம் தாங்கள் புதிதாக அச்சடித்திருக்கும் படிவத்தில் ஏழாவது கட்டம், “முன்பு விதி மீறியிருந்தால் விவரம்” என்று கேட்கிறது. கட்டத்தில் இடம் போதாததால் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

என் அக்கா மணியம்மாள் அடுத்த மாதம் திண்டிவனத்திலிருந்து கைக்குழந்தையோடு பத்து நாள் தங்க வருகிறாள். அந்த ஆணை பொய் என்பது எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் தங்களுக்கும் தெரியும். எனக்கு ஒன்றும் பயமில்லை. அம்மாவுக்குத்தான் பயம். அதோடு, எதிர்வீட்டுத் தையல்நாயகி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவள்.

மூன்று நகல் இணைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் சேவல் இல்லை. பழைய வாளி ஒரு லிட்டர் குறைந்தது. புதிது வாங்கி, நானே ஊற்றி அளந்து பார்த்துவிட்டேன். குழந்தைக்கும் சேர்த்து, இருபத்தோரு நாளுக்குள் சீட்டு வழங்கும்படி மிகவும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தேவதாஸ்