நாற்பத்தொரு பேருக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

பரிசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை சொல்லிக்கறேனுங்க. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கறாரு... பயப்படாதீங்க சார், என் டைல்ஸ் கடை மாதிரியே கதையும் சின்னதுதான்.

எம் பொண்ணு சுகந்தி காலேஜ்ல சமூக உளவியல் சொல்லிக் கொடுக்கறா. நான் பத்தாவதையே ரெண்டு தடவை எழுதினவன். "அதென்ன சாமி படிப்பு?"ன்னு கேட்டேன்.

"நாலு பேரு சேர்ந்தா மனுசன் எப்படி நடந்துக்கறான்னு பார்க்கறதுப்பா."

"அதுக்கெதுக்கு காலேஜு? கல்யாணப் பந்தியில உக்காந்தா தெரிஞ்சிருமே!"

அவ செஞ்சதும் கிட்டத்தட்ட அதுதானுங்க. நம்மூர் மில்லுல நம்மாளுங்க இருக்காங்க, ஒடிசாவுல இருந்து வந்தவங்க இருக்காங்க. ஒரே மெஷின்ல வேலை. சாப்பாட்டு மணி அடிச்சா... இவங்க இந்தப் பக்கம், அவங்க அந்தப் பக்கம். எப்போ ஒரே மேசைக்கு வர்றாங்க? எது வர வைக்குது? இதைப் பார்க்க எம் பொண்ணு வருசக்கணக்கா அந்தக் கேன்டீன்ல போய் உக்காந்தா. சேர்ந்து பரிமாற வச்சா சேர்ந்து உக்காருவாங்கன்னு கட்டுரை எழுதினா.

எழுதிட்டு தினமும் காலையில ஃபோனைப் பார்ப்பா.

"என்ன சாமி, தங்கம் விலையா?"

"இல்லப்பா. என் கட்டுரையைப் படிச்சு, 'சுகந்தி இப்படிச் சொல்லியிருக்காங்க'ன்னு வேற ஆராய்ச்சிக்காரங்க எழுதுவாங்க. அதுக்குப் பேரு மேற்கோள். நாப்பத்தொண்ணு வந்திருக்கு."

நாப்பத்தொண்ணு! ஏனுங்க, நான் சொன்னதை எங்க வீட்டுல ஒரே ஒரு ஆளுதான் மேற்கோள் காட்டுவா... எம் பொஞ்சாதி. அதுவும் சண்டையில!

மறுவாரம் அவளுக்குப் பதவி உயர்வு நேர்காணல். நம்ம ஊருல காதுகுத்துக்கே ஃப்ளெக்ஸ் வைக்கறோம், இதுக்கு வைக்காம இருக்கலாமா? ஜெயிச்சுட்டு வர்றவ பார்க்கட்டும்னு தெருமுனையில கட்டினேன். '41 அறிஞர்கள் போற்றும் எங்கள் அறிவுச்சுடரே!' அந்த 41 மட்டும் ஆளுயரத்துக்கு.

சாயங்காலம் ஸ்கூட்டர் முனை திரும்புச்சு... நின்னுச்சு. அவ இறங்கவே இல்லீங்க.

"அப்பா, அதைக் கழட்டுங்க."

"தப்பாப் போட்டுட்டனா சாமி?"

"சரியாத்தாம்ப்பா போட்டிருக்கீங்க. நேர்காணல்ல 'வெறும் நாப்பத்தொண்ணா? உங்க பக்கத்து அறைக்காரருக்கு எண்ணூறு'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. போதும்ப்பா... இனி ஆராய்ச்சியே வேண்டாம். பாடம் நடத்திட்டு இருந்துக்கறேன்."

எண்ணூறு பெருசுங்கறது எனக்கும் தெரியுமே! ஒரு முனையை நான் அவிழ்த்தேன், மறுமுனையை அவ இறங்கி வந்து அவிழ்த்தா. கண்ணு ரெண்டும் தளும்பி நிக்குது. எனக்கோ வாய் சும்மா இருக்காது.

"சாமி, ஃப்ளெக்ஸ் அடிச்சவன் கீழ இத்தனை இடம் காலியா விட்டுட்டான் பாரு. சித்தப்பன், மாமன், மச்சான்னு வரிசையா சின்னச் சின்ன மூஞ்சி வர்ற இடமில்ல? அந்த நாப்பத்தோரு பேரு போட்டோ குடு. நன்றி சொல்லி ஒண்ணு அடிச்சுப்போடலாம்."

அழுகையோட சிரிச்சுட்டா. "அப்பா! அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. பாதிப் பேரு எழுதினதை நான் படிக்கக்கூட இல்ல."

"அப்போ தினமும் காலையில என்ன பார்த்தே?"

"எத்தனைன்னு பார்த்தேன்."

சொன்ன வார்த்தை அவளுக்கே சுருக்குன்னுச்சு போல. அப்புறம், சுருட்டின ஃப்ளெக்ஸ் மேலயே உக்காந்து ஃபோனை எடுத்தா. நானும் பக்கத்துல உக்காந்தேன். அவங்க எழுதினதைப் படிச்சுப் படிச்சு எனக்குத் தமிழ்ல சொன்னா. கென்யாவுல ஒரு டீச்சரம்மாவாம். அகதிப் பிள்ளைங்களும் உள்ளூர்ப் பிள்ளைங்களும் படிக்கற பள்ளிக்கூடம். சேர்ந்து பரிமாறற வேலை கொடுத்தா சேர்ந்து உக்காருவாங்கன்னு சுகந்தி எழுதியிருந்தா இல்லீங்களா? அதை நம்பி அந்தம்மா செஞ்சு பார்த்திருக்கு.

"உக்காந்தாங்களா?"ன்னு கேட்டேன்.

"அடுத்தவன் தட்டுல கை வைக்காதேன்னு இப்போ அதட்ட வேண்டியிருக்காம்ப்பா..."

சொல்லிக்கிட்டே என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "திங்கக்கிழமை மில்லுக்குப் புது ஆளுங்க வர்றாங்கப்பா. சாப்பாட்டு மணிக்கு நான் அங்க இருக்கணும்"ன்னா.

"தாராளமா இரு சாமி, யாரு வேண்டாம்னா?"ன்னேன்.

பதவி உயர்வு இன்னும் வரலீங்க. அது வரட்டும், வராமப் போகட்டும். பெத்தவங்களே... இன்னிக்கு உங்க பிள்ளைங்க மார்க்கு, ரேங்க்குன்னு ஆளுக்கொரு நம்பரோட வீட்டுக்கு வரும். சிலது பெரிய நம்பரு, சிலது சின்ன நம்பரு. பக்கத்து வீட்டு நம்பரை எடுத்து அதுக்குப் பக்கத்துல வைக்காதீங்க. அந்த நம்பருக்குப் பின்னால பிள்ளை என்ன செஞ்சுதோ, யாருக்கு உதவுச்சோ, அதைக் கேளுங்க. 'எனக்குப் புரியற மாதிரி சொல்லு கண்ணு'ன்னு கேளுங்க. புரியலைன்னாலும் கேளுங்க. அன்னிக்கு எனக்குப் பாதி புரியல... ஆனா எம் பொண்ணு சொல்லிட்டே இருந்தா, நான் எந்திரிக்கவே இல்லீங்க.