நிறையாத வாளி

அக்கா: மூடியத் தொறக்காதடி...

தங்கை: தொறக்கல. அப்படியே தூக்கிட்டுப் போய்க் கொட்டப் போறேன். சாயந்திரத்துக்குள்ள இந்தக் குப்பை வாளி போகலைன்னா நாம காலி பண்ணணுமாம். வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க.

அக்கா: இன்னும் ஒரு மாசம் கேட்டுப் பாரேன்.

தங்கை: ஒரு மாசத்துல என்ன ஆயிடும்?

அக்கா: ...ஒண்ணுமில்ல. நாறுதாமா?

தங்கை: அழுகுன காய்கறி பின்ன மணக்குமா?

அக்கா: கொட்டுறதுக்குத் தொறக்குறதே மேல். மோந்து பாத்தியா? பட்டதாரி மூக்கு ஒண்ணும் தேஞ்சு போயிடாது.

தங்கை: உன்னோட பெரிய ரோதனை... இந்தா, தொறந்துட்டேன்... ம்?

அக்கா: என்ன?

தங்கை: மழை பேஞ்ச மண்ணு மாதிரி... அக்கா, ஆவி வருது!

அக்கா: கையை உள்ள விட்டுப் பாரு.

தங்கை: சீ!

அக்கா: விடுடி.

தங்கை: அம்மாடி... சுடுது! அடியில நெருப்பா வெச்சிருக்க?

அக்கா: ரெண்டு மாசமா தினம் ஒரு சட்டி தோலு, காம்பு, டீத்தூள்னு கொட்டுறேன். வாளி நெறஞ்சுதா பாரு.

தங்கை: பாதிதான் இருக்கு... மிச்சமெல்லாம் எங்க போச்சு? நாம தின்ன அத்தனை வாழைப்பழத் தோலும்?

அக்கா: தேடிப் பாரேன்.

தங்கை: ஒண்ணுகூட இல்ல... இது என்ன, வெள்ளை வெள்ளையா நூல் மாதிரி?

அக்கா: பூஞ்சை. அதுவும் நுண்ணுயிருமாச் சேந்து திங்குது. தின்னு தின்னுதான் அந்தச் சூடு.

தங்கை: இந்த மூலையிலயா... கோடிக்கணக்குலயா... நாம தூங்குறப்பவும்?

அக்கா: நீ என்கூட சண்டை போடுறப்பவும்.

தங்கை: அதுசரி, எட்டாவதோட நின்னவளுக்கு நுண்ணுயிர் எங்கேருந்து வந்துச்சு?

அக்கா: ...எங்கயோ கேட்டது. ஈரத்துக்கு மேல காஞ்சது போடணும், அதான் காகிதம். போதும், கையை எடு.

தங்கை: என்ன காகிதம்? இரு... இது உன் கையெழுத்து. "எக்ஸின் மதிப்பைக் காண்க"...

அக்கா: குடுடி!

தங்கை: சொல்லு முதல்ல.

அக்கா: ...பத்தாவது எழுதுறேன். தனியா. கணக்குல ரெண்டு தடவை போயிடுச்சு. அடுத்த மாசம் மறுபடி... நீ வாளியக் கொட்டுனா அத்தனையும் தெருவுல பறக்கும். தேறினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். கோவமா?

தங்கை: பின்ன? என் சர்டிபிகேட்டுக்கு சட்டம் போட்டு மாட்டுன. உன் கணக்கு மட்டும் குப்பையா?

அக்கா: சரி, வாளி...

தங்கை: அது எங்கயும் போகாது. வீட்டுக்காரம்மா கையையும் உள்ள விட வெக்கிறேன். கையைத் தொடச்சுட்டு வா. உன் ஹால் டிக்கெட் வந்து நாலு நாளாச்சு, என் பையிலதான் இருக்கு. நீயா வாயைத் தொறப்பன்னு பாத்தா... வாளியத் தூக்குனாத்தான் தொறக்குற.