கண்ணாடி கழுவின தண்ணி

ஜெயம்மாள்: ...அதான் சொல்லிக்கினே இருக்கேனே சார், தண்ணி ஊத்தாம இந்தக் கண்ணாடிங்க வெளுக்கவே வெளுக்காது.

சுப்புராயன்: கண்ணாடி இல்லம்மா, சோலார் பேனல். சரி, ஒரு பேனலுக்கு எவ்வளவு ஊத்துவீங்க? ஒரு குடம்?

ஜெயம்மாள்: ஒரு குடமா! கேட்டியா காசிக்கா? சாரு மெட்ராஸ்ல பீரோ கண்ணாடியப் பாத்துட்டு வந்துருக்காரு. இங்க மூணு குடம் பத்தாது சார்.

காசியம்மாள்: ம்.

சுப்புராயன்: அவங்க ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கறாங்க?

ஜெயம்மாள்: அது அப்படித்தான் சார். கூலி வாங்கறப்ப மட்டுந்தான் வாயத் தொறக்கும்.

காசியம்மாள்: ரெண்டு பேரும் தொறந்துட்டா கேக்கறதுக்கு ஆளு வேணுமில்ல.

சுப்புராயன்: எத்தனை நாளா இந்த வேலை செய்யறீங்க?

ஜெயம்மாள்: கவருமெண்டு இங்க கண்ணாடி நட்டதுலேர்ந்து. ரெண்டு வருசம் இருக்கும். அதுக்கு முன்னாடி கரும்பு வெட்டப் போய்க்கினு இருந்தோம். சாருக்கு சொந்த ஊரு எது?

சுப்புராயன்: கடலூர் பக்கம்.

ஜெயம்மாள்: கல்யாணம் ஆயிடுச்சா?

சுப்புராயன்: அம்மா, நான் தண்ணிக் கணக்கு எடுக்க வந்திருக்கேன்.

ஜெயம்மாள்: ஆவல. ஆயிருந்தா ஆமான்னு ஒரு வார்த்தையில முடிச்சிருப்பீங்க.

காசியம்மாள்: பொண்ணு பாக்கறாளாம். அவ பாத்து வெச்ச பொண்ணு ஒண்ணு மூணு மாசத்துல அம்மா வூட்டுக்கு வந்து குந்திக்கினு இருக்குது.

ஜெயம்மாள்: அது மாப்பிள்ள சரியில்ல. பொண்ணு தங்கம்.

சுப்புராயன்: கொஞ்சம் கேளுங்க. இதே மாதிரி சோதனைக்குன்னு போட்ட பேனலுங்க வேற ஊருங்கள்லயும் இருக்கு. அங்கெல்லாம் வாரத்துக்கு ஒரு லாரி தண்ணிகூட ஆகல. இங்க மட்டும் மூணு லாரின்னு உங்க மேஸ்திரி கணக்கு குடுத்து, அதுக்குக் காசும் வாங்கியிருக்காரு. ஏன்னு பார்த்துட்டு வரச் சொல்லித்தான் ஆபீஸ்ல என்னை அனுப்பினாங்க.

ஜெயம்மாள்: எந்த மேஸ்திரி?

சுப்புராயன்: பாவாடைன்னு பேரு.

ஜெயம்மாள்: ஆங்... அந்தாளா. கரெக்டாத்தான் குடுத்திருக்காரு.

காசியம்மாள்: அந்தாளா?

ஜெயம்மாள்: நீ சும்மா இருக்கா. சார், இங்க காத்து எப்படி அடிக்குது பாருங்க. அந்தக் கல்வராயன் மலை மேல இருக்கற புழுதி பூரா எறங்கி இங்கதான் குந்தும். போதாததுக்கு சின்னசேலம் போற கரும்பு லாரிங்க. அப்புறம் மயிலு.

சுப்புராயன்: மயிலா?

ஜெயம்மாள்: ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டமா வரும். கண்ணாடி மேல ஏறி நின்னு மூஞ்சி பாத்துக்கும். பாத்துட்டு சும்மா போவுமா? ஒவ்வொண்ணும் ஒரு சாணி உருண்ட கணக்கா போட்டுட்டுப் போவும். அதுக்கே அரை லாரி ஆவும்.

சுப்புராயன்: அப்ப மூணு லாரி நிஜமாவே வேணும்ங்கறீங்க.

ஜெயம்மாள்: மூணே கம்மிதான் சார். நாலுன்னு போட்டுக்குங்க. எங்களுக்கும் ஊத்திக் கழுவ கொஞ்சம் தாராளமா இருக்கும்.

சுப்புராயன்: சரி. அப்ப அப்படியே எழுதிடறேன். நல்லவேளை கேட்டேன். இல்லன்னா புதுசா வர்றதுக்குத் தண்ணியக் கம்மியாப் போட்டிருப்பாங்க.

காசியம்மாள்: புதுசா இன்னா வருது சார்?

சுப்புராயன்: மலையடிவாரத்துல பெரிய சோலார் நிலையம். இது மாதிரி நூறு மடங்கு. முன்னெல்லாம் கரண்டுக்குத் திட்டம் போட்டா எவ்வளவு கரண்டு வரும்னு மட்டுந்தான் பாப்பாங்க. இப்ப அப்படி இல்ல. அதுக்கு எவ்வளவு தண்ணி செலவாகும், அந்தத் தண்ணி எங்கேர்ந்து வரும்னு பாக்காம ஒரு திட்டமும் நகராது. தண்ணிய மிச்சம் பண்ணத்தான் இந்த ஏற்பாடே. இங்க வர்ற கணக்க வெச்சுத்தான் அங்க ஒதுக்குவாங்க.

காசியம்மாள்: எங்கேர்ந்து ஒதுக்குவாங்க?

சுப்புராயன்: கிட்டக்க இருக்கற தண்ணிதான். அதோ, உங்க ஏரி.

காசியம்மாள்: எங்க ஏரியா?

சுப்புராயன்: ஆமா. வாரத்துக்கு நாலு லாரின்னா, நூறு மடங்குக்கு நானூறு லாரி.

காசியம்மாள்: நானூறு லாரியா? தை மாசத்துக்குள்ள ஏரியில மாடு மேயுமே சார்!

ஜெயம்மாள்: சார்... சார், அந்த எழுதறத கொஞ்சம் நிறுத்துங்க.

சுப்புராயன்: ஏன்?

ஜெயம்மாள்: மூணு குடம்னு சொன்னேன் பாருங்க... அது சின்னக் குடம்.

சுப்புராயன்: எவ்வளவு சின்னது?

ஜெயம்மாள்: இத்தினியூண்டு. இடுப்புல வெச்சா நிக்காது.

சுப்புராயன்: அது சொம்பும்மா.

ஜெயம்மாள்: ஆமா, சொம்புதான். எங்க பக்கம் அதத்தான் குடம்னு சொல்லுவோம்.

காசியம்மாள்: சொம்பையும் முழுசா ரொப்ப மாட்டோம் சார்.

சுப்புராயன்: ஓ, இப்ப நீங்களும் பேசறீங்களா?

காசியம்மாள்: பேசித்தான் ஆவணும். ஏரி ரொம்புனாத்தான் சார் எங்களுக்கு நடவு, களை, அறுப்பு எல்லாம். எங்களுக்கு ஒரு சென்ட் நெலம் கெடையாது. ஏரித் தண்ணி பாயற நெலத்துல எறங்கி வேல செஞ்சாத்தான் எங்க தெருவுல அடுப்பு எரியும். வத்திப்போனா மூட்ட கட்டிக்கினு பெங்களூரு பஸ் ஏற வேண்டியதுதான்.

சுப்புராயன்: அப்ப மூணு குடம் ஊத்தறதில்லையா?

ஜெயம்மாள்: ரெண்டு சொம்பு.

காசியம்மாள்: ஒரு சொம்பு.

ஜெயம்மாள்: அரை சொம்பு!

சுப்புராயன்: என்னம்மா இது? சந்தையில எல்லாரும் ஏத்திக் கேப்பாங்க. நீங்க எறக்கிக்கிட்டே போறீங்க.

ஜெயம்மாள்: ஒரு டம்ளர்னு போட்டுக்குங்க சார். எங்களுக்காக.

சுப்புராயன்: உங்களுக்காகவெல்லாம் எழுத முடியாது. அந்த மயிலுங்க என்ன ஆச்சு? கூட்டமா வருதே?

ஜெயம்மாள்: அது எப்பவாச்சும் ஒண்ணு வழி தவறி வரும். பாவம், வயசான மயிலு.

சுப்புராயன்: சரி, பேச்சே வேணாம். என் கண்ணு முன்னாடி ஒரு பேனலக் கழுவிக் காட்டுங்க. இந்த மீட்டர பைப்புல மாட்டிடறேன். அது சொல்றதுதான் கணக்கு. பைப்ப எடுங்க.

ஜெயம்மாள்: பைப்பா?

சுப்புராயன்: தண்ணி அடிக்கற பைப். அதோ சுருட்டி வெச்சிருக்கே, அதான்.

ஜெயம்மாள்: அத எடுக்காதீங்க சார்! வாயில குளவி கூடு கட்டிக்கினு இருக்குது.

சுப்புராயன்: தினம் தண்ணி அடிக்கற பைப்புல குளவி எப்படிக் கூடு கட்டும்?

ஜெயம்மாள்: இந்த ஊரு குளவி அப்படி சார். படு வேகம்.

சுப்புராயன்: தண்ணி டேங்கும் காலியா இருக்கே, தட்டினா டங்குடங்குன்னு சத்தம் வருது.

ஜெயம்மாள்: நாளைக்குத்தான் லாரி வரும். நீங்க நாளைக்கி...

சுப்புராயன்: வேணாம். என் ஜீப்புல இருபது லிட்டர் கேன் இருக்கு. இந்தாங்க, இந்தச் சொம்புல ஊத்தியிருக்கேன். ஒரே ஒரு பேனல். எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. நான் குறுக்க பேசல.

ஜெயம்மாள்: நீ போக்கா. ஒனக்குத்தான் கை சுத்தம்.

காசியம்மாள்: ஏன், ஒன் கை இன்னா ஆச்சு?

ஜெயம்மாள்: எனக்கு சாரப் பாத்தா வெக்கமா இருக்குது.

காசியம்மாள்: ஒனக்கு வெக்கமா! சரி, தள்ளு. அந்தத் தொடப்பத்த எடு. ஆங்... மேலேர்ந்து கீழ ஒரு தட்டு. இப்படி. அப்புறம் துணி.

ஜெயம்மாள்: அக்கா.

காசியம்மாள்: இரு. இந்த ஓரத்துலதான் புழுதி சேரும்... ம், போச்சு.

ஜெயம்மாள்: யக்கா, தண்ணி!

காசியம்மாள்: இன்னா தண்ணி?

ஜெயம்மாள்: தண்ணி ஊத்துக்கா!

காசியம்மாள்: ஐயோ... மறந்தே போயிட்டேன்டி.

சுப்புராயன்: இருங்க, இருங்க. இப்ப எதுக்கு ஊத்தறீங்க? முகம் தெரியற அளவுக்கு ஆயிடுச்சே.

காசியம்மாள்: ...கை பழக்கம் சார்.

சுப்புராயன்: சொம்பு அப்படியே இருக்கு. ஒரு சொட்டு குறையல.

ஜெயம்மாள்: நான் அப்பவே போறேன்னு சொன்னேன். நீதான் தள்ளுன்னுட்டு முன்னால போன.

காசியம்மாள்: நீ எப்படி சொன்ன? வெக்கம்னு இல்ல சொன்ன?

சுப்புராயன்: அக்கா, உண்மையச் சொல்லுங்க. ரெண்டு வருசமா இப்படியேதான் தொடைக்கறீங்களா?

காசியம்மாள்: ஆமா சார்.

சுப்புராயன்: தண்ணியே இல்லாம?

காசியம்மாள்: தண்ணியே இல்லாம.

சுப்புராயன்: பறவை எச்சம் காஞ்சு ஒட்டியிருந்தா?

காசியம்மாள்: எச்சில் தொட்டுத் தேய்ப்போம்.

ஜெயம்மாள்: அத மீட்டர்ல எப்படி சார் அளப்பீங்க?

சுப்புராயன்: ஒரு கீறல்கூட இல்லையே. இது என்ன துணி?

காசியம்மாள்: எங்க வூட்டுக்காரரு வேட்டி.

சுப்புராயன்: அவரு திட்ட மாட்டாரா?

காசியம்மாள்: போய்ச் சேந்துட்டாரு சார். போன வருசம் ஐப்பசியில. அந்த ஏரிக்கு மடை தொறந்து மூடற வேல அவருதான் பாத்துக்கினு இருந்தாரு. எட்டு வேட்டிய வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? கட்டிக்கவா முடியும்? தொவச்சுத் தொவச்சு மெத்துன்னு ஆயிடுச்சு.

ஜெயம்மாள்: உயிரோட இருந்தப்ப சாப்ட்ட தட்டக்கூடக் கழுவுனதில்ல அந்த மனுசன். இப்ப கவருமெண்டு கண்ணாடி பூரா அவருதான் தொடைக்கறாரு.

காசியம்மாள்: நானும் தெனம் அதத்தான் அவருகிட்ட சொல்லிக்கினு தொடைக்கறேன்.

சுப்புராயன்: தெரியாம கேட்டுட்டேன்க்கா.

காசியம்மாள்: நீங்க இன்னாத்துக்கு சார் மூஞ்சிய அப்படி வெச்சுக்கறீங்க? எழுதுங்க. தண்ணி வேணாம்னு எழுதுங்க.

சுப்புராயன்: எழுதறேன். ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. வாரத்துக்கு மூணு லாரி இங்க வந்து எறங்கியிருக்கு. பேனல் மேல ஒரு சொட்டும் படல. அவ்வளவு தண்ணியும் எங்க போச்சு?

காசியம்மாள்: அது... ஜெயா...

ஜெயம்மாள்: நாங்கதான் சார் எடுத்துக்கினோம்.

காசியம்மாள்: ஏய்!

ஜெயம்மாள்: இன்னா ஏய்? மாட்டிக்கினோம், சொல்லிட வேண்டியதுதான். தெருவுக்குக் கொண்டு போயிட்டோம் சார். குடிக்க, குளிக்க, ஆட்டுக்கு வெக்க. எல்லாம் நாங்க ரெண்டு பேரும் செஞ்சதுதான். பாவாடை மேஸ்திரிக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. அந்தாளு ஒரு வெள்ளந்தி.

காசியம்மாள்: யாரு, பாவாடை வெள்ளந்தியா!

ஜெயம்மாள்: அக்கா, ஒன் கால்ல வேணா வுழறேன். சும்மா இரு.

சுப்புராயன்: பயப்படாதீங்க. போலீசுக்கெல்லாம் போகமாட்டேன். சொல்லப் போனா எனக்கு சந்தோசந்தான். மனுசங்க குடிக்கத்தானே போயிருக்கு.

ஜெயம்மாள்: நல்லா இருப்பீங்க சார். சீக்கிரமே கல்யாணம் ஆவும்.

சுப்புராயன்: அப்ப இப்படி எழுதறேன். பேனலுக்குத் தண்ணி தேவையில்ல. ஆனா பக்கத்துத் தெருவுல குடிதண்ணிக்குப் பஞ்சம், வாரத்துக்கு மூணு லாரி வேண்டியிருக்கு. புதுசா வர்ற நிலையம் அடிவாரத்துல இருக்கற எல்லாத் தெருவுக்கும் அதே கணக்குல தண்ணி குடுக்கணும். அதையும் திட்டத்துல சேத்துடுவாங்க.

ஜெயம்மாள்: ரொம்ப நல்லதாப் போச்சு.

காசியம்மாள்: சார், அந்தத் தண்ணிய எங்கேர்ந்து எடுப்பாங்க?

சுப்புராயன்: வேற எங்கேர்ந்து? ஏரியிலேர்ந்துதான்.

ஜெயம்மாள்: மறுபடியும் ஏரியா!

சுப்புராயன்: மூணு லாரி வந்து செலவாயிருக்குன்னா அத எங்கேயாச்சும் காட்டித்தானே ஆகணும்? பேனல் இல்லன்னா தெரு. தெருவும் இல்லன்னா எதுன்னு சொல்லுங்க. மூணு லாரி ஆவியாவா போகும்?

காசியம்மாள்: ஜெயா. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?

ஜெயம்மாள்: அக்கா... அவனுக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க.

காசியம்மாள்: ஏரி போச்சுன்னா அதுங்களும் சேந்துதான்டி பெங்களூரு பஸ் ஏறணும்.

சுப்புராயன்: எவனுக்கு ரெண்டு புள்ளைங்க? நீங்க யாரப் பத்திப் பேசறீங்க?

ஜெயம்மாள்: எழுதிட்டீங்களா சார்?

சுப்புராயன்: இன்னும் இல்ல.

ஜெயம்மாள்: எழுதாதீங்க. அந்தாளு, அந்தாளுன்னு சொல்லிக்கினு இருந்தேனே... பாவாடை என் கூடப் பொறந்த தம்பி சார். யாரு கேட்டாலும் மூணு லாரின்னு சொல்லுங்கன்னு அவந்தான் எங்களுக்குச் சொல்லி வெச்சான். நாங்க எங்கேர்ந்து சார் தண்ணி எடுத்துக்கினு போறது? இந்த ரெண்டு வருசத்துல, இந்தக் கேட்டுக்குள்ள ஒரு தண்ணி லாரிகூட வந்ததில்ல.