குகைக்குப் போன ரொட்டி

இல்லைங்க, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. பஸ்ஸுல முன்னாடி சீட்டு காலியா இருந்துச்சு, அம்மா போய் உக்காந்துக்கிட்டாங்க. நீங்க தாராளமா உக்காருங்க. யானினா ஊருக்குத்தானே போறீங்க? நாங்களும் அங்கதான்.

ஆமா, என் பையில இருக்கிற அந்தப் புஸ்தகம் நான் எழுதினதுதான். உங்க பேத்தி படிச்சாளா? அழுதாளா? குகை வர்ற இடத்துல எல்லாப் பிள்ளைங்களும் அழும்.

பிள்ளைங்களுக்குப் பழைய காலத்துக் கதைங்க எழுதுவேன். துருக்கிக்காரன் ஆண்ட காலம், கப்பல்காரங்க காலம்னு நெறைய எழுதினேன், எதுவும் ஓடல. இது மட்டும்தான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போச்சு. எங்கம்மா கதைங்க இது. ஜெர்மன்காரன் நம்ம நாட்டைப் பிடிச்சு வெச்சிருந்தப்போ ஊரே பசியில கெடந்துச்சு. குகையில காயம்பட்டுக் கெடந்த போராளிக்கு, வீட்டுல சுட்ட சோள ரொட்டியைச் சட்டைக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோய்க் குடுத்த சின்னப் பொண்ணு பொலிக்ஸெனி, அதான் எங்கம்மா. குடும்பமே சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட கதை. அட்டையிலயே உண்மைக் கதைன்னு போட்டிருக்கு.

இன்னைக்குக் காலைல கொனித்ஸாவுல ஒரு பள்ளிக்கூடத்துல கூப்பிட்டிருந்தாங்க, அம்மாவையும் சேத்து. மேடையேத்திப் பூவெல்லாம் குடுத்தாங்க. ஒரு வாண்டு எழுந்திரிச்சு, பாட்டி, உங்களுக்கும் பசிதானே, ரொட்டி வாசம் வந்தப்போ என்ன பண்ணீங்கன்னு கேட்டுச்சு.

அம்மா மைக்கைக் கிட்ட இழுத்துக்கிட்டாங்க. அப்புறம், தின்னுட்டேன் கண்ணுன்னாங்க. பாறைக்குப் பின்னாடி உக்காந்து தின்னுட்டு, குடுத்துட்டேன்னு வீட்டுல சொன்னேன். தினமும் அப்படித்தான். குகையில கெடந்த அந்தப் புள்ளாண்டான் செத்துட்டான். ஸ்தாவ்ரோஸ்னு பேருன்னாங்க.

எனக்கே அப்பத்தாங்க தெரியும். பக்கத்துலயே உக்காந்து கேட்டுக் கேட்டு எழுதினேன். என்ன சட்டை, என்ன கலரு, மலையில என்ன பூ, அதெல்லாம் கேட்டேன். பசிச்சுதாம்மான்னு ஒரு வார்த்தை கேக்கல பாருங்க.

நானா? மைக்கைப் பிடுங்கிட்டேன். சிரிச்சுக்கிட்டே, பிள்ளைங்களா, எங்கம்மாவுக்கு வயசாச்சு, இப்பல்லாம் எதையாவது மாத்திச் சொல்லிடறாங்கன்னேன்.

அவங்களுக்கா ஞாபகம் தப்பும்? என் கண்ணாடியை நான் எங்க வெச்சேன்னு அவங்கதாங்க எடுத்துக் குடுக்கணும்.

இல்லைங்க, திட்டல. என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் பிள்ளைங்க பக்கம் திரும்பி, ஆமா கண்ணுங்களா, நான்தான் குழம்பிட்டேன், என் பொண்ணு எவாந்தியா எழுதியிருக்கிறதுதான் சரின்னாங்க.

எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேங்க.