பிளேனக்கா சொன்ன ரூல்

விமானத்தில் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஜன்னலோர சீட் கேட்காதீர்கள் என்றுதான். மேலே போய்விட்டால் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் இரண்டு பேரை எழுப்ப வேண்டும். அடுத்து, பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டால் போதும், அணைக்கத் தேவையில்லை. மெதுவாகவே சொல்கிறேன் மேடம், எழுதிக்கொள்ளுங்கள்.

மடுகரையில் முதன்முதலில் விமானம் ஏறிய பெண் நான். 2014-இல் என் மகன் அன்புராஜ் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனான். பதினெட்டு நாள் இருந்தேன். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. அவனுக்கு வேலை அதிகம். ஆனால் அந்த ஒரு பயணத்தோடு ஜெயா என்ற என் பெயர் போய், ஊருக்கே பிளேனக்கா ஆகிவிட்டேன். துபாயோ மலேசியாவோ, யார் போவதாக இருந்தாலும் பெட்டி கட்டுவதற்கு முன்னால் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நானும் விதிகள் மாறும்போதெல்லாம் தேடிப் படித்து வைத்துக்கொள்வேன். இதுவரை பதினான்கு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பதின்மூன்று பேர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

செல்வகுமாரி என் கொழுந்தனின் மனைவி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அக்கா, அக்கா என்று என்னையேதான் சுற்றிவருவாள். அவள் மகள் தேவி, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பாண்டிச்சேரிக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டுப் பாரிஸுக்குப் போனாள். பிள்ளை உண்டானதும் அம்மாவுக்கு டிக்கெட் அனுப்பினாள். எனக்குப் பதினெட்டு நாள் என்றால் அவளுக்கு ஆறு மாதம்.

டிக்கெட் வந்த நாளிலிருந்து ஊர்ப் பெண்கள் அவள் வாசலில்தான் இருந்தார்கள். மதகடிப்பட்டில் வாங்கிவந்த நீலப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தே இராதவள், பாரிஸில் குளிர் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். வயிறு எரிந்தது. பொறாமையா என்று சற்றுமுன் கேட்டீர்கள். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

அவளுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், வியர்க்கும். இவளுக்கு ஒன்றும் தெரியாது, அப்படியே சாய்ந்துவிடுவாள். ஒருமுறை மாட்டுக்கொட்டகையில் விழுந்து கிடந்தவளை நான்தான் பார்த்தேன். வாயில் வெல்லத்தைக் குழைத்துத் தடவி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் தேவி அந்தக் கருவியை வாங்கிக் கொடுத்தாள். மேல்கையில் பெரிய பொத்தான் போல ஒட்டியிருக்கும். சர்க்கரை இறங்கினால் அது போனுக்குத் தெரிவிக்கும், போன் அலறும். எவ்வளவு தூக்கத்தில் இருந்தாலும் எழுந்துவிடுவாள். சுவரைத் தாண்டி எனக்கே கேட்கும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் என்னிடம் வந்தாள். வருவாள் என்று எனக்குத் தெரியும்.

“அக்கா, போனை ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு, ப்ளூடூத்த மட்டும் ஆன்ல வெச்சிருந்தா போதும்னு தேவி சொல்லுது. அப்பதான் கையில இருக்கிறது வேலை செய்யுமாம். இன்னா செய்யறதுன்னு நீ சொல்லுக்கா.”

தேவி சொன்னது சரிதான். நானும் படித்திருக்கிறேன்.

“அதெல்லாம் அவ ஊருல செல்லும்டி,” என்றேன். “இங்க ஏறுற பிளேன்ல மொத்தமா ஆப் பண்ணிடணும். உன் ஒரு போனால முந்நூறு பேரு போற பிளேனு தடுமாறிச்சின்னா இன்னா பண்ணுவ? அங்க புள்ளத்தாச்சிப் பொண்ணு காத்துக்கினு இருக்குது.”

பயந்துவிட்டாள். பத்து மணி நேரம்தானே, சாப்பிட்டு ஊசி போட்டுக்கொண்டு படுத்தால் பொழுது போய்விடும் என்று தேற்றினேன். டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தையும் நீட்டினாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. இந்தக் கருவியும் போனும் பயணம் முழுக்க இயங்க வேண்டும், அனுமதிக்கவும் என்று அதில் இருந்தது. இதைக் காட்டினால் சீக்காளி என்று இறக்கிவிடுவார்கள் என்று சொல்லி, வாங்கி என் பீரோவில் வைத்துக்கொண்டேன். நேற்று நீங்கள் எடுத்துப் போனது அதைத்தான்.

கொஞ்சம் மயக்கம் வரும், பயந்துபோய் உடனே ஊர் திரும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தேவியிடம் அப்படித்தான் சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்லலாம். ஆனால் மாட்டுக்கொட்டகையில் அவள் கிடந்த கிடப்பைப் பார்த்தவள் நான். யாரும் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

விமானத்தில் கொடுத்த சாப்பாட்டில் பாதியை அவள் தொடவே இல்லையாம். ஊசியை மட்டும் வழக்கமான அளவு போட்டுக்கொண்டு, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறாள். பாரிஸில் இறங்கும்போது எழுப்பியிருக்கிறார்கள். உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார்களாம்.

காரியம் முடிந்த மறுவாரம் பர்வின் என்னைத் தேடி வந்தாள். மதகடிப்பட்டில் துணிக்கடை வைத்திருப்பவள், கணவரைப் பார்க்கக் குவைத் போக இருந்தாள். அவளுக்குச் சரியாகத்தான் சொன்னேன். ஏரோப்ளேன் மோட் போதும், அணைக்க வேண்டாம் என்றேன்.

செல்வகுமாரிக்குப் பக்கத்து சீட்டில் இருந்த கடலூர்ப் பெண்ணைத் தேவி கண்டுபிடித்துப் பேசியிருக்கிறாள். அதன் பிறகுதான் உங்களிடம் புகார் கொடுத்தாள். கிளம்பும்போது பணிப்பெண் வந்து, ஏரோப்ளேன் மோட் போதும்மா என்று தமிழிலேயே சொன்னாளாம். செல்வகுமாரி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டாளாம்.

“எங்க அக்கா மொத்தமா நிறுத்தணும்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாத ரூலே கெடையாது.”

தேவி அழுதுகொண்டே இதைச் சொன்னபோது நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை. யூனிபார்ம் போட்டவள் நேரில் வந்து சொல்லியும், அவள் கேட்டது என் பேச்சைத்தான். பாரிஸுக்கே கிளம்பியும் அவளுக்கு நான்தான் பெரியவள். இதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.