ஒன்பதாம் பக்கத்தின் கூட்டுத்தொகை

சிங்கப்பூரிலிருந்து அந்தப் புத்தகம் மலாக்காவுக்கு வந்து சேர ஆறு நாளும் ஒன்றரை மணி நேரமும் ஆயின. பஸ்ஸில் வந்திருந்தால் ஒரு பகல் போதும்.

உஜோங் பாசிர் கடலில் மூழ்கிய மூன்று பேரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். புத்தகத்திலிருந்து தொடங்கினால்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரும். உங்கள் எழுத்தர் நிதானமாக எழுதட்டும்.

மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் மீன்படகுக்காரர் சங்கத்தின் அறை இருக்கிறது. விடிகாலையில் சிங்கப்பூரிலிருந்து வானிலைத் தந்தி வரும். அதில் வெறும் எண்தான் இருக்கும். எண்ணுக்குரிய பொருளைப் புத்தகத்தில் பார்க்க வேண்டும். காற்று என்றால் கறுப்புக் கொடி, படகுகள் கிளம்பாது. மற்றதற்கு வெள்ளை. கொடியைத் தீர்மானிப்பவர் செயலாளர் ராஜரத்தினம். எழுத்து வேலை எனக்கு. மலாய் பேசும் கம்போங் செட்டிக்காரன் தனபாலன் கொடியைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கரையில் ஏற்றிவிட்டு, தானும் படகில் போவான்.

செப்டம்பர் முதல் தேதியிலிருந்து எண்கள் எல்லாம் மாறும் என்றார்கள். அச்சகங்கள் மெர்டேகா சுதந்திர வாழ்த்து அடிப்பதில் மும்முரமாக இருந்தன. புதிய புத்தகம் தட்டச்சில் ஒரே பிரதி. அதைச் சிங்கப்பூர் வானிலை அலுவலகத்தார் கையைவிட்டு அனுப்ப மாட்டார்கள். டெலிபோனில் வாசிப்பார்கள், நான் எழுதிக்கொள்ள வேண்டும். இருபத்து நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தப் பக்கத்து எண்களின் கூட்டுத்தொகை இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு டிரங்க் அழைப்புதான் கிடைக்கும். ஒன்பதரைக்கு ஆரம்பிப்போம். ஒன்பதாம் பக்கம் வந்ததும் லைன் செத்துவிடும். மறுநாள் மறுபடி முதல் பக்கம். அறுந்த இடத்திலிருந்து வாசிக்கலாமே என்றேன். "அப்படி வழக்கம் இல்லை" என்றார் அந்தப் பக்கம் வாசித்த நல்லையா. வழக்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சுகம்.

ராஜரத்தினம் பேட்டரியை மாற்றினார். எக்ஸ்சேஞ்ச் பெண்ணைத் திட்டினார். நான்காம் நாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

நான் பௌதிகம் படித்தவள். ஐந்தாம் நாள் அழைப்பு இருபத்தைந்து நிமிடம் தாமதமாகக் கிடைத்தது. அன்று இரண்டாம் பக்கத்திலேயே அறுந்தது. அப்படியானால் கோளாறு பக்கத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பத்து மணிக்கு ராஜரத்தினத்தின் மேசையில் வெயில் விழும். எழுந்து சன்னலை மூடுவார். டெலிபோன் கம்பி அந்தச் சன்னலின் கீல் ஓரமாகத்தான் உள்ளே வருகிறது. தடித்த புத்தி உள்ளவர்களுக்குக் கூட இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆறாம் நாள் காலையில் சொன்னேன்.

"சார், இன்றைக்குச் சன்னலை மூடாமல் பார்க்கலாமா?"

"பி.எஸ்ஸி. படிச்சா ஒயரு காதுல வந்து பேசுமா ம்மா? போ, கீழே போய் ஒரு கோப்பி வாங்கிட்டு வா. சீனி கம்மி."

தனபாலன் சிரித்தான். அவனுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. ராஜரத்தினம் சிரித்ததால் சிரித்தான். எனக்குக் கூச்சம் அதிகம். எதையும் இரண்டாம் முறை சொல்வதில்லை. கோப்பி வாங்கப் போனேன். வந்து எழுத உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அவர் சன்னலை மூடினார், லைன் செத்தது.

ஏழாம் நாள் அவர் சன்னலை மூடவில்லை. பதினொரு மணிக்குப் புத்தகம் முடிந்தது. மாலையில் சங்கக் கூட்டத்தில், "கோளாறு எங்கேன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிட்டேன்" என்றார். மாலை போட்டார்கள். நானும் கைதட்டினேன்.

அன்று வீட்டில் உட்கார்ந்து நல்ல பிரதி எழுதினேன். என் குறிப்பை ஒருவர் வாசிக்க, பிரதியை மற்றவர் பார்த்து ஒப்பிட வேண்டும் என்பது சங்கத்தின் ஏற்பாடு. ராஜரத்தினம் விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, அடியில் இருந்த தொகை வருகிறதா என்று மட்டும் எண்களைக் கூட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. கையெழுத்துப் போட்டார். குறிப்பு என் இழுப்பறையிலேயே கிடந்தது. எட்டு நாள் அதை யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் தேதி காலை தந்தி வந்தது. ராஜரத்தினம் புத்தகத்தைப் பார்த்து, "மூடுபனி, வெயில் ஏறினால் விலகும்" என்று உரக்க வாசித்தார். வெளியே பனி இல்லை. மேற்கே வானம் ஈயம்போல் கறுத்திருந்தது. சன்னலைத் திறந்தால் பனி இல்லை என்பதாவது தெரிந்திருக்கும். அவர் உட்கார்ந்தபடியே, "வெள்ளை" என்றார்.

ஒரு பக்கத்தில் இரண்டு எண்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினால் கூட்டுத்தொகை மாறாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் இது தெரியும். ஒன்பதாம் பக்கத்தில் மூடுபனியின் எண்ணை, மேற்கிலிருந்து புயலாக வரும் சுமாத்ராக் காற்றுக்கும், காற்றின் எண்ணை மூடுபனிக்கும் எழுதியது நான்தான். அவரை ஒரே ஒரு தடவை என் குறிப்போடு ஒப்பிட்டு வாசிக்க வைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. வாசித்திருந்தால் மூன்று பேரும் இருந்திருப்பார்கள். அவர்களைக் கொன்றது அவருடைய சோம்பல்தான். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இதே விடைதான் வருகிறது.

தனபாலன் கிளம்பும்போது என்ன நடந்தது என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். அவன் படியில் நின்று, "அக்கா, லாவுட் பாயேக்கா?" என்றான். கடல் நன்றாக இருக்கிறதா என்று அர்த்தம். தந்தியை வாங்கிப் பிரித்தவள் நான். எண்ணைக் கண்டதும் அது காற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளைக் கொடியை மடித்து அவன் கையில் கொடுத்து, நன்றாக இருக்கிறது, போய் வா என்று மலாயில் சொன்னேன்.