நீதிமன்றக் கூரைக்கு ஓடு

கார்த்திகை மாதக் காலை. தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ரயிலில் எனக்கு எதிரே இருந்த, ஓலைத்தொடுவாய் ஊர்ப் பெண், கறுத்துக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "இண்டைக்கு மழை பெய்தாலும் என்ர வழக்கு நடக்கும்!"

பக்கத்திலிருந்த முசலி ஊர் முஸ்லிம் வியாபாரி திரும்பினார். "மழைக்கும் வழக்குக்கும் என்ன தங்கச்சி?"

"கோட்டுக் கூரை ஒழுகும் நானா. மழையெண்டால் வழக்கைத் தள்ளிப் போடுவினம். என்ர மனுசன் செத்த கையோட, நாங்கள் கரைவலை இழுக்கிற இடத்தை, வள்ளமும் வலையும் வைச்சு ஆளுகிற சம்மாட்டியார் பிடிச்சிட்டார். நாலு தரம் வழக்குக் கூப்பிட்டது. நாலு தரமும் மழை. மழை வேணுமெண்டு அந்தாள் மடு மாதா கோயிலில நேத்தி வைச்சவராம்!"

"கூரை போடக் காசில்லையோ?"

"சட்டசபை தரவேணுமே! எங்கட மெம்பர் வருசா வருசம் கேட்டவர். றோட்டுக்குக் குடுப்பினம், பாலத்துக்குக் குடுப்பினம், கோட்டுக்கு மட்டும் இல்லையாம். கடைசியில நீதவான், மழையில ஊறின வழக்குப் புத்தகத்தை அப்பிடியே கொழும்புக்கு அனுப்பினவர். மெம்பர் அதைச் சபையில விரிச்சுக் காட்ட, ஒரு எழுத்தும் தெரியேல்லையாம். 'இதுதான் எங்கட சனத்துக்கு நீங்கள் குடுக்கிற நீதி' எண்டவராம். ஒருத்தரும் எதிர்க்கேல்லை, காசு குடுத்திட்டினம். போன கிழமை ஓடு போட்டு முடிஞ்சுது. நேற்றுப் போய் என்ர கண்ணால பார்த்தனான்."

"அல்ஹம்துலில்லாஹ்!"

மழை கொட்டத் தொடங்கியது. வியாபாரி யன்னலைச் சாத்த எழுந்தார்.

"சாத்தாதேங்கோ நானா." அவள் கையை வெளியே நீட்டி மழையை ஏந்தினாள். "அடுத்த பெட்டியில சம்மாட்டியார் இருக்கிறார். மழையைக் கண்டு சிரிச்சுக்கொண்டிருப்பார். ஓடு போட்டது அந்தாளுக்கு இன்னும் தெரியாது."